வேஷம் கட்டுபவர்களிடம் போய் உட்காருங்கள்

திருப்புட்குழியிலும் பாலுசெட்டி சத்திரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நடிப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள நினைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



உங்களில் பலரை எனக்குத் தெரியும். சிலர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி ஷிப்டுக்குப் போய் வருகிறீர்கள். சிலர் கல்லூரியில் படிக்கிறீர்கள். சிலர் வீட்டில் இன்னும் தறி ஓடுகிறது. குளத்துப் படிக்கட்டில் செல்போனை எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டு வசனம் பேசிப் பார்ப்பவர்களையும் கண்டிருக்கிறேன். நன்றாகவே பேசுகிறீர்கள். என்னைப் பார்க்கும்போது நீங்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, சினிமாவுல சான்ஸ் எப்படிக் கிடைக்கும்?"

நான் சினிமாக்காரன் இல்லை. கூத்தும் நாடகமும் பார்த்து, அந்தக் கலைஞர்களோடு பேசிப் பழகி, அவற்றைப் பற்றி எழுதி வருபவன். சான்ஸ் எப்படிக் கிடைக்கும் என்பதற்கு என்னிடம் பதில் கிடையாது. ஆனால் நடித்தே குடும்பம் நடத்துகிறவர்கள் எப்படித் தொடங்கினார்கள், முதல் பத்து வருடத்தை எப்படித் தள்ளினார்கள் என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பேருந்து ஏறினால் போய்ச் சேர்ந்துவிடலாம். கோடம்பாக்கத்துக்கு வண்டி ஏறுவதற்கு முன்னால் அவர்களிடம் போய் உட்காருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கூத்துக்காரர்களைத்தான். காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி என்று இந்த வட்டாரம் முழுவதும் தொழில்முறைக் கூத்து மன்றங்கள் இருக்கின்றன. பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா தொடங்கினால் ஆடி தாண்டும்வரை அவர்களுக்கு ஓய்வில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வில்வளைப்பு, பகாசுரன், துகிலுரிதல், அருச்சுனன் தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய், கடைசியில் படுகளமும் தீமிதியும். கோயிலை விட்டால் கருமாதி வீடுகளில் கர்ண மோட்சம். ராத்திரி பத்து மணிக்குக் கட்டியங்காரன் களரிக்கு வந்தால் விடியும்போதுதான் மங்களம். ஒரு சீசனில் ஒரு கலைஞர் எத்தனை இரவு இப்படி நிற்கிறார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இத்தனை மணி நேரம் கூட்டத்துக்கு எதிரே நின்று தொழில் செய்யும் நடிகர்கள் சென்னையிலேயே அபூர்வம். நீங்கள் சின்ன வயதில் பாட்டி மடியில் தூங்கியபடி அரைகுறையாகப் பார்த்ததோடு இவர்களை விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

கட்டைக்கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, கூத்து வாத்தியாரான அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்டவர். பிறகு தானே மன்றம் நடத்தினார், நாடகங்கள் எழுதினார். 1990-இல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து தமிழ்நாடு கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியபோது அதன் முன்நின்றவர்களில் ஒருவர். நெதர்லாந்திலிருந்து கூத்தை ஆராய வந்து இங்கேயே தங்கிவிட்ட ஹன்னே டி புருயின் அவருடைய துணைவியார். இருவரும் சேர்ந்து 2002-இல் காஞ்சிபுரத்தை ஒட்டிய புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலத்தைத் தொடங்கினார்கள். தனக்குக் கிடைக்காத பள்ளிப் படிப்பு தன்னிடம் கூத்துக் கற்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது ராஜகோபாலின் எண்ணம். அதனால் அங்கே பாடப் புத்தகமும் அடவும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஆண்களே பெண் வேஷம் கட்டி வந்த கலையில் பெண் பிள்ளைகளும் சேர்ந்து கற்றார்கள். வேஷம் கட்டி விடிய விடிய ஆடினார்கள். 2020 வரை அந்தப் பள்ளி நடந்தது. அங்கே படித்து முடித்தவர்கள் இன்று மேடையில் இருக்கிறார்கள், உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து ஒரு மத்தியானம் பேசுவதைவிட நல்ல ஆக்டிங் கிளாஸ் எனக்குத் தெரிந்து இந்த மாவட்டத்தில் இல்லை.

சரி, போய் என்ன செய்வது? ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பார்வையாளர்களோடு உட்கார்ந்தால் ரசிகராகத்தான் திரும்புவீர்கள். சாயங்காலமே போய்விடுங்கள். மன்றத்து வண்டி வந்து நின்று பெட்டிகள் இறங்கும் நேரம் அது. ஆளோடு ஆளாய்ப் பெட்டியைப் பிடித்து இறக்குங்கள். கொட்டகை ஓரத்தில் வேஷம் போடும் இடத்தில் அனுமதி கேட்டு உட்காருங்கள். முகத்துக்கு அரிதாரம் பூசி, கோடு இழுத்து, கால் சலங்கை கட்டி, புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் ஏற்றி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். அந்த நேரத்தில் அவர் யாரோடும் அதிகம் பேசமாட்டார். நீங்களும் பேச்சுக் கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிய மனிதர் துரியோதனனாக எழுந்து நிற்பதைக் கிட்டே இருந்து பாருங்கள். எந்த நிமிடத்தில் அவர் குரல் மாறியது, எப்போது முதுகு நிமிர்ந்தது என்று கவனியுங்கள்.

பிறகு திரைப் பிரவேசம். இரண்டு பேர் பிடித்த துணிக்குப் பின்னால் நின்று பாடி, கிரீடத்தை மட்டும் காட்டி, காலை மட்டும் காட்டி, கூட்டத்தை ஏங்க வைத்து வெளியே வருகிறார்களே, அதில் ஒரு நடிகனுக்கு வேண்டிய பாடம் நிறைய இருக்கிறது. கட்டியங்காரனை விடாமல் பாருங்கள். ராஜாவிடம் கேள்வி கேட்பது அவன்தான்; தூங்குகிற கூட்டத்தை எழுப்புவதும், கிரீடம் சரிந்தாலோ எதிரே நிற்பவர் வரியை மறந்தாலோ யாருக்கும் தெரியாமல் சமாளிப்பதும் அவன்தான். சினிமாவில் இம்ப்ரோவைசேஷன் என்று பெரிய விஷயமாகப் பேசுகிறார்கள். கட்டியங்காரன் வேஷம் கட்டுபவருக்கு அது தினக்கூலி வேலை.

பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் எல்லாம் சேர்ந்து எழுப்பும் சத்தத்தைத் தாண்டி, கடைசி வரிசையில் பாயில் படுத்திருக்கும் கிழவிக்கும் வார்த்தை தெளிவாகக் கேட்கும்படி எப்படிப் பாடுகிறார்கள் என்பது அங்கிருந்து பார்த்தால்தான் விளங்கும். மைக் வந்த பிறகும் அந்தத் தொண்டை அப்படியே இருக்கிறது. உங்களில் பலருடைய வசன வீடியோக்களில் நான் பார்க்கும் பெரிய குறை இதுதான்: வாக்கியத்தின் கடைசிச் சொல் விழுங்கப்படுகிறது. மூச்சு போதவில்லை. அதைச் சரிசெய்யக் காசு கட்ட வேண்டியதில்லை. ஒரு கூத்துப் பாடகரோடு ஒரு மாதம் விடியற்காலையில் எழுந்து சாதகம் செய்தால் போதும். பாட்டே வராது என்று நினைப்பவர்கள் காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் விசாரியுங்கள்.

பேசுவதற்கு ஏற்ற காலம் சீசன் முடிந்த பிறகு. அப்போது கலைஞர்கள் வீட்டில் இருப்பார்கள். வயல் வேலை, கட்டட வேலை, நெசவு, கடை என்று ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதையும் நீங்கள் பார்க்க வேண்டும். நடிகனாவது என்றால் வருடத்தில் பாதி நாள் வேறு வேலை பார்ப்பது என்பதை இங்கேயே தெரிந்துகொண்டால், சென்னையில் வாய்ப்பில்லாத மாதங்களில் மனம் உடையாது. உலகத்தில் எங்கே போனாலும் நடிகர்களில் பெரும்பாலோர் வாழ்க்கை இதுதான். அந்த மாதங்களை எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, யார் கொடுத்தார்கள், எதற்குச் செலவானது என்று கேளுங்கள். தாம்பூலம் வாங்கிக் கூத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகு உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். களரியில் நிற்கும்போது பாட்டு மறந்துபோனால்? கூட்டம் கலைந்தால்? அப்பா இறந்த வாரத்தில் தாம்பூலம் வாங்கிய கூத்து இருந்தால்? இந்தக் கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் பதில் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. "எனக்கு ஒரு சான்ஸ் வாங்கித் தர முடியுமா" என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வந்த உடனே பேச்சு நின்றுவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூத்தாடி என்று கேவலமாகப் பேசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் சாகவில்லை. சாதி பார்த்துத் திண்ணையோடு நிறுத்தும் வழக்கமும் சாகவில்லை. நீங்கள் அந்த மனத்தோடு போனால் ஒன்றும் கற்க முடியாது, போகவும் வேண்டாம். கற்றுக்கொள்வதற்குப் பணமும் கொடுங்கள். வெற்றிலை பாக்கு தட்டில் வைத்து, உங்களால் முடிந்ததை மரியாதையாகக் கொடுங்கள். சென்னையில் மூன்று மாத வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டத் தயாராக இருப்பவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கைக்கு வந்த வித்தையை ஓசியில் கேட்பது நியாயமில்லை.

கோர்வைச் சேலை நெய்யும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வந்து கோர்க்க வேண்டுமானால் தறியில் இன்னொரு ஆள் வேண்டும். கரை நாடாவைத் தள்ளிக் கொடுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன்தான் பிற்காலத்தில் நெசவாளி ஆனான். தமிழ் நாடகத்திலும் தொழில் அப்படித்தான் கைமாறியிருக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகளைப் பாருங்கள். 1867-இல் பிறந்தவர். முதலில் தானே எமன், சனீசுவரன், இரணியன் போன்ற உக்கிரமான வேஷங்களைக் கட்டியவர். பிறகு வேஷம் கட்டுவதை விட்டு ஆசிரியரானார். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறு பிள்ளைகளாகச் சேர்ந்தார்கள். சுவாமிகள் 1922-இல் மறைந்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவரான அவ்வை டி.கே. சண்முகம் பிற்காலத்தில் 'எனது நாடக வாழ்க்கை' என்று ஒரு புத்தகம் எழுதினார். கம்பெனி வீட்டில் எப்படிப் பாடம் நடந்தது, மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையன்கள் என்ன பாடுபட்டார்கள், எந்த ஊரில் வசூல் இல்லாமல் பட்டினி கிடந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. நடிகராக நினைப்பவர் முதலில் வாங்கிப் படிக்க வேண்டிய புத்தகம் என்று நான் இதைத்தான் சொல்வேன். கம்பெனிகளில் பிள்ளைகளை அடித்ததும் அடைத்து வைத்ததும் நடந்திருக்கிறது. அந்தப் பழைய முறையை நான் கொண்டாடவில்லை. சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் குழந்தைகள் நடிக்க இப்போது சட்டம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்காவது குழந்தையின் பெயரில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். பிள்ளையை ஆடிஷனுக்கு அழைத்துப் போகும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் நடந்ததும் உங்களுக்குத் தெரிய வேண்டியது. சிவாஜியாக நடிக்க முதலில் பேசப்பட்டவர் எம்.ஜி.ஆர். அவர் விலகிக்கொள்ள, அந்த வேஷம் வி.சி. கணேசன் என்ற இளைஞரிடம் வந்தது. அண்ணாவே காகபட்டராக நடித்தார். நாடகத்தைப் பார்த்த பெரியார் சொன்ன பெயர்தான் சிவாஜி கணேசன் என்று நிலைத்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அந்த இளைஞர் ஏழெட்டு வயதிலேயே யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தவர். பெண் வேஷம் உள்படக் கொடுத்த வேஷத்தையெல்லாம் கட்டி, மூத்த நடிகர்களைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பார்த்துப் பத்து வருடம் கழித்திருந்தார். திடீரென்று ஒரு வேஷம் காலியானபோது அவரால் போய் நிற்க முடிந்தது. 'பராசக்தி' வந்தது 1952-இல்தான்.

படித்தவர்கள் கூத்துக்காரர்களிடம் போய் உட்கார்ந்த கதையும் ஒன்று உண்டு. எழுத்தாளர் ந. முத்துசாமி புரிசைக் கூத்தைப் பார்த்த பிறகு அவருடைய நாடகப் பார்வையே மாறிவிட்டது. பாலாற்றைத் தாண்டிச் செய்யாறு பக்கம் போனால் வருகிற ஊர்தான் புரிசை. 1977-இல் சென்னையில் அவர் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் அங்கே வந்து நடிகர்களுக்குக் கூத்துக் கற்றுக் கொடுத்தார். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று அங்கிருந்து வந்தவர்களை நீங்கள் திரையில் பார்த்திருக்கிறீர்கள். நமக்கு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் வித்தை சென்னைக்குப் போய், அங்கிருந்து திரைக்குப் போய், திரும்ப உங்கள் செல்போனுக்கு வந்திருக்கிறது.

விஜய் சேதுபதியை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். சிறு வேடங்களில் காத்திருந்து 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் கதாநாயகனானார் என்று. அவர் கூத்துப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தது கணக்கராக. கணக்கு எழுதிக்கொண்டே அங்கே பயிற்சி எடுக்கும் நடிகர்களைத் தினமும் கவனித்தார். உங்களில் கணக்குத் தெரிந்தவர்கள், வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், லைட் கட்டத் தெரிந்தவர்கள், தைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். நடிகர்கள் வேலை செய்யும் இடத்துக்குள் நுழைய அதுவும் நேரான வழிதான். ஒரு நாடகக் குழுவில் நடிகர் தேவைப்படுவதைவிட அதிகமாக வேலையாள் தேவைப்படுகிறார்.

படித்தவர்கள் கூத்துக்காரர்களிடம் போய்க் கற்ற காலம் இலங்கையிலும் இருந்தது. 1960-களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், அண்ணாவிமார் எனப்படும் கிராமத்துக் கூத்து வாத்தியார்களின் துணையோடு மாணவர்களுக்குக் கூத்துப் பழக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றினார். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் பேராசிரியரானார், கூத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். பட்டப் படிப்புக்கும் கூத்துக்கும் பகை இல்லை என்பதை வீட்டில் அடம்பிடிக்கும் அப்பா அம்மாவிடம் எடுத்துச் சொல்ல இந்த ஒரு பெயரே போதும்.

ஜப்பானில் சேயாமி என்றொரு நடிகர். நோ நாடகத்தை வளர்த்தெடுத்தவர். தன் தொழிலை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுக்கச் சுமார் 600 வருடத்துக்கு முன்னால் ஒரு நூல் எழுதினார். ஏழு வயதில் பயிற்சி தொடங்கும்போது பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள், அதிகமாகத் திருத்தாதீர்கள் என்கிறார். பதினேழு வயதை ஒட்டிக் குரல் உடையும்போது ஊரே சிரிக்கும், அப்போதும் விடாமல் பயிற்சி செய்பவனே நடிகன் என்கிறார். மதுரைக் கம்பெனி வீட்டில் மகரக்கட்டு வந்த பையனுக்கும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்க முடியும். வேலையில் இருக்கும் நடிகர் ஒருவர் பேசினால் எந்த நாட்டிலும் பேச்சு இப்படித்தான் உடம்பையும் வயதையும் பற்றியதாக இருக்கிறது. நம்மிடமும் பம்மல் சம்பந்த முதலியார் இருக்கிறார். 1891-இல் பல்லாரியிலிருந்து வந்த குழுவின் நாடகத்தைப் பார்த்து மனம் மாறி, அதே வருடம் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்துகொண்டே நடித்தார். 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி?' என்று தமிழில் ஒரு நூலே எழுதி வைத்திருக்கிறார். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கூத்தில் கற்றது அப்படியே கேமராவுக்குச் செல்லுபடியாகாது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. களரியில் புருவத்தை எவ்வளவு தூக்க வேண்டுமோ, குளோசப்பில் அவ்வளவு தூக்கினால் படம் கெட்டுப்போகும். கூத்தில் கதை பிறப்பிலிருந்து இறப்பு வரை ஒரே ஓட்டமாகப் போகும். படப்பிடிப்பில் சாவுக் காட்சியை முதல் நாள் எடுத்துவிட்டு, காதல் காட்சியை இருபதாம் நாள் எடுப்பார்கள். எந்த இடத்தில் எவ்வளவு உணர்ச்சி என்பதை நடிகர்தான் மனத்தில் சுமக்க வேண்டும். ஆனால் முழுக் கதையையும் உடம்பில் ஏற்றி விடிய விடிய ஆடியவர்களுக்கு அந்தக் கணக்கு கையில் இருக்கும். பெரிதாக நடிக்கத் தெரிந்தவர் குறைத்துக்கொள்ளலாம். அரை நிமிட வீடியோவில் மட்டும் பழகியவர் பெரிதாக்க வேண்டி வரும்போது திணறிப் போகிறார். என் தீர்ப்பு இது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முறையாகப் படிக்க விரும்புபவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. 1959-இல் தொடங்கிய தில்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்று வருடப் படிப்பு. பட்டத்தோடு மேடை அனுபவமும் கேட்கிறார்கள். அந்த அனுபவத்தை ஊர்க் கூத்திலும் காஞ்சிபுரத்து மேடைகளிலும் இப்போதே சேர்க்கத் தொடங்கலாம்.

பணம் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நடிகரைத் தேடுபவர் நடிகருக்குப் பணம் கொடுப்பார், நடிகரிடம் பணம் கேட்கமாட்டார். பதிவுக் கட்டணம், ஸ்கிரீன் டெஸ்ட் கட்டணம், கார்டு வாங்கித் தருகிறேன், ஹீரோவின் நண்பன் வேஷம் நிச்சயம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். நம் பக்கத்தில் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வெளியே சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஏமாற்றியவன்தான் வெட்கப்பட வேண்டும்.

தங்கைகளுக்குத் தனியாகச் சில வரிகள். கேரளத்தில் 2017-இல் அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டியின் அறிக்கை, 2024 ஆகஸ்டில் வெளியாகி, சினிமாவில் பெண்களுக்கு என்ன நடக்கிறது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். ஆடிஷன் பகலில், அலுவலகத்தில், மற்றவர்களும் இருக்கும்போதுதான் நடக்க வேண்டும். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். அதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் உங்களுக்கு வேலை இல்லை. கூத்துக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்கள் விடியும்வரை ஆடிவிட்டு வீடு திரும்பும்போது ஊர் என்ன பேசியது, கல்யாணப் பேச்சு வந்தபோது என்ன ஆனது, எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்று அவர்களிடமே கேளுங்கள். நான் சொல்வதைவிட அவர்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

ஆசிரியரை மதியுங்கள், ஆனால் கேள்வி கேளுங்கள். இதை நான் வேறு ஊருக்கு எழுதியிருந்தால் விளக்க வேண்டியிருக்கும். யாதவப் பிரகாசரிடம் இளைய ராமானுஜர் பாடம் கேட்டது நம் திருப்புட்குழியில்தான் என்பது வழிவழியாகச் சொல்லி வருவது. குரு சொன்ன பொருள் சரியில்லை என்று பட்டபோது சீடர் எதிரே உட்கார்ந்து மாற்றுப் பொருள் சொன்னார். மனக்கசப்பு வந்தது, பிரிவும் வந்தது. பின்னாளில் அந்தக் குருவே சீடரைத் தேடி வந்து சீடரானார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். வாத்தியார் ஏன் இந்த இடத்தில் இந்த அடவு வைத்தார், கர்ணன் ஏன் இங்கே அழுகிறான், திரௌபதி ஏன் இங்கே பேசாமல் நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டே கற்றுக்கொள்ளுங்கள். நல்ல வாத்தியார் அந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் கூத்துக் கலைஞராகவே ஆகிவிட்டால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்களுக்குக் கற்றுக் கொடுத்த பெரியவர் இன்னும் பதியவில்லை என்றால், விண்ணப்பத்தை நிரப்பி, ஆவணங்களைச் சேர்த்து, அலுவலகத்துக்கு அவரை அழைத்துப் போங்கள். ஆன்லைனும் ஆதாரும் உங்களுக்கு எளிது, அவர்களில் பலருக்கு மலை. நீங்கள் திருப்பிச் செய்யக்கூடிய முதல் உதவி அது. பாரத விழா அடுத்த பங்குனியில் தொடங்கும். எந்த ஊரில் எந்த மன்றம் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். போகும்போது இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போங்கள், சாயங்காலமே போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்